உருகியே நிற்கும் உப்பு

(தூத்துக்குடியில் ஆசிரியர்களும் மாணவர்களும் பொதுமக்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தூத்துக்குடிக்கு வந்து உப்பைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. தெரிந்தேதான் வந்திருக்கிறேன். ஊருக்குள் நுழையும் முன்பே வெள்ளைக் குவியல்கள் இரண்டு பக்கமும் நின்று, யாரிடம் போய் என்ன பேசப் போகிறாய் என்று கேட்டுவிட்டன. ஆனால் என் பையில் இருக்கும் உப்பு உங்கள் பாத்திகளில் விளையாது. இந்தக் குப்பியைச் சாய்க்கிறேன், பாருங்கள். விளக்கெண்ணெய் மாதிரி மெதுவாக வழிகிறது. இதில் தண்ணீர் சேர்க்கவில்லை. முழுக்க முழுக்க உப்பு. கரைந்த உப்பு வேறு, உருகிய உப்பு வேறு. இது இந்த அறையின் சூட்டிலேயே உருகி நிற்கிற உப்பு.

நம் சாப்பாட்டு உப்பை உருக்க வேண்டுமானால் 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதற்குக் காரணம் அடுக்குதான். சோடியம், குளோரைடு இரண்டு அயனிகளும் சிறியவை, உருண்டையானவை. லாரியில் மூட்டை அடுக்கத் தெரிந்தவர்கள் அடுக்கினால் எப்படி இடுக்கில்லாமல் நிற்குமோ, அப்படி நிற்கின்றன. அந்த அடுக்கைக் கலைக்கத்தான் அவ்வளவு சூடு. இப்போது மூட்டைகளுக்குப் பதிலாகக் கல்யாண வீட்டு நாற்காலிகளையும் குடங்களையும் கலந்து லாரியில் ஏற்றச் சொல்லுங்கள். எப்படி வைத்தாலும் கோணும், ஆடும். நேர்மின் அயனி பெரியதாக, ஒரு பக்கம் வால் நீண்டதாக இருந்தால் உப்புக்கும் இந்தக் கதிதான். அடுக்க முடியாது, அடுக்க முடியாததால் உறையாது. இதைத்தான் அயனித் திரவம் என்கிறோம். 100 டிகிரிக்குக் கீழே உருகும் உப்பு என்பது வழக்கமான எல்லைக்கோடு. 1914-இல் பால் வால்டன் என்ற வேதியியலாளர் எத்தில் அம்மோனியம் நைட்ரேட் என்ற உப்பு 12 டிகிரியிலேயே உருகுவதைக் குறித்து வைத்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பெரிய கவனிப்பு இல்லை. 1992-இல் வில்க்ஸ், ஜவரோட்கோ என்ற இருவர் காற்றிலும் ஈரத்திலும் கெடாத அயனித் திரவங்களைச் செய்து காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் ஆய்வுக்கூடங்கள் விழித்துக்கொண்டன.

இன்று என் பேச்சு இந்த உப்பை வைத்துச் செய்யும் ஒரு பண்டத்தைப் பற்றி. கிராஃபீன் தாள், அதன் மேல் காந்தத் துகள், கூடவே ஒளிரும் துகள். மூன்றும் சேர்ந்த நானோ கலப்பொருள். கேட்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால் மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கும்.

முதலில் கிராஃபீன். அதற்கு மூலப்பொருள் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட். அது நமக்குத் தூரத்துப் பண்டமும் இல்லை. சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனம், டாமின், கிராஃபைட் சுரங்கமும் அதைச் சுத்திகரிக்கும் ஆலையும் நடத்துகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில் போகலை, கஹடகஹ சுரங்கங்களில் பாறைப் பிளவுக்குள் நரம்பு போல ஓடும் கிராஃபைட் உலகப் புகழ்பெற்றது. கிராஃபைட் ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் அதில் ஏறக்குறைய 30 லட்சம் தாள்கள் இருக்கும். ஒவ்வொரு தாளும் ஒரே ஒரு கரி அணுவின் தடிமன். அதில் ஒற்றைத் தாளைப் பிரித்து எடுத்தால் அதுதான் கிராஃபீன். 2004-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைம், கான்ஸ்தந்தீன் நோவோசெலோவ் இருவரும் ஒட்டு நாடாவை ஒட்டி ஒட்டிப் பிய்த்தே இதைச் சாதித்தார்கள். 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டு நாடாவுக்குப் பங்கு கொடுத்தார்களா என்று தெரியாது.

ஒரு கிராம் கிராஃபீனின் இரண்டு பக்கப் பரப்பையும் கணக்கிட்டால் 2630 சதுர மீட்டர். நம் கணக்கில் சொன்னால் 65 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக் கரிக்குள் 65 சென்ட்! அந்த நிலத்தில் எதை வேண்டுமானாலும் நடலாம் என்பதுதான் எங்கள் ஆசை. ஆனால் பிரித்த தாள்கள் பிரிந்தே நிற்காது. தண்ணீரில் விட்டால் ஒன்றன் மேல் ஒன்று போய் ஒட்டிக்கொண்டு மறுபடி கிராஃபைட் ஆகிவிடும். 65 சென்ட் சுருங்கி ஒரு திண்ணையாகிவிடும்.

இந்த ஊரில் புரோட்டாக் கடையை 'நைட் கிளப்' என்பீர்கள். வெளியூர்க்காரன் முதல் முறை கேட்டால் திகைத்துப் போவான். அங்கே மாஸ்டர் மாவை வீசி, விரித்து, எண்ணெய் தடவி, மடித்துச் சுருட்டுகிறார். கல்லில் வெந்த பிறகு இரண்டு கையாலும் தட்டினால் அடுக்கடுக்காகப் பிரிகிறது. எண்ணெய் தடவாமல் சுருட்டியிருந்தால்? மைதா உருண்டைதான். கிராஃபீன் தாள்களுக்கு நடுவே அயனித் திரவம் செய்யும் முதல் வேலை அந்த எண்ணெயின் வேலை. மிகுதியாகப் பயன்படும் இமிடசோலியம் என்ற நேர்மின் அயனி தட்டையான வளையம். கிராஃபீன் பரப்பில் அது படிந்து உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்ததும் தாள் முழுவதும் நேர்மின் ஏறுகிறது. அடுத்த தாளும் நேர்மின். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. எண்ணெயால் இது முடியாது. இங்கே புரோட்டா உவமை நின்றுவிடுகிறது.

2009-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லோ கியான் பிங் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். கிராஃபைட் கம்பியை, தண்ணீர் கலந்த அயனித் திரவத்தில் நிறுத்தி மின்சாரம் பாய்ச்சினார்கள். தண்ணீர் சிதைந்து பிறந்த ஆக்சிஜன் வகைகள் கம்பியின் ஓரங்களைக் கத்தரித்தன. அப்படித் திறந்த வாயில் எதிர்மின் அயனிகள் தாள்களுக்கு நடுவே நுழைந்தன. கம்பி ஊதிப் பெருத்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. உதிர்ந்தவற்றில் கிராஃபீன் இருந்தது, நாடா போன்ற துண்டுகள் இருந்தன, நானோ துகள்களும் இருந்தன. புற ஊதா விளக்கைக் காட்டினால் அவை ஒளிர்ந்தன! சாயம் எதுவும் சேர்க்கவில்லை. தண்ணீருக்கும் அயனித் திரவத்துக்கும் உள்ள விகிதத்தை மாற்றினால் ஒளியின் நிறமும் மாறியது. எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். அடுப்பு இல்லை, வலிய அமிலம் இல்லை. பென்சில் கரிக்கு மின்சாரம் கொடுத்து வெளிச்சம் வாங்கியிருக்கிறார்கள்.

'ஒளிர்வு' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இது முத்து ஊர். முத்தின் மினுக்கு ஒளிர்வு அல்ல. சிப்பி, சுண்ணாம்புத் தகடுகளை அரை மைக்ரான் தடிமனில் அடுக்கி, நடுவே மெல்லிய புரதப் பசை பூசி முத்தைக் கட்டுகிறது. தகட்டின் தடிமன் ஒளி அலையின் நீளத்துக்கு நெருக்கமாக இருப்பதால், வெவ்வேறு அடுக்கில் பட்டுத் திரும்பும் ஒளி தமக்குள் மோதிக் கலந்து அந்த நிறச்சாயல் பிறக்கிறது. வந்த ஒளிதான் திரும்பிப் போகிறது. ஒளிர்வு என்பது ஒரு நிற ஒளியைப் பொருள் விழுங்கிவிட்டு வேறு நிறத்தில் உமிழ்வது. யூரோப்பியம் என்ற உலோகத்தின் அயனி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை விழுங்கிச் சிவப்பை உமிழும். பழைய கலர் டிவிக் குழாயின் சிவப்பு அதுதான். டெர்பியம் பச்சை. இந்த அரிய மண் உலோகங்களின் தாய்க் கனிமங்களில் ஒன்றான மோனசைட், மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது. அதில் சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும்தான் மிகுதி. யூரோப்பியம் துளியினும் துளி. ஆகவே யாரும் நாளைக் காலையில் சாக்கு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம்.

காந்தத்துக்கு வருவோம். சின்ன வயதில் கடற்கரை மணலில் காந்தத்தை இழுத்து விளையாடாதவர் யார்? தாடி முளைத்தது போல அதில் ஒட்டும் கருந்துகளில் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு உண்டு. ஆய்வுக்கூடத்தில் அதையே செய்ய, இரண்டு விதமான இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் கரைத்து அம்மோனியா ஊற்ற வேண்டும். ஊற்றிய கணமே மஞ்சள் பழுப்புக் கரைசல் மை போலக் கறுத்துவிடும். இருபது நானோமீட்டருக்குக் கீழே துகள் சிறுத்துவிட்டால் அதற்கு ஒரு நல்ல குணம் வருகிறது. காந்தம் அருகே இருக்கும்வரை இழுபடும். காந்தத்தை எடுத்துவிட்டால் காந்தத்தன்மையை மறந்துவிடும். வெறும் வெப்ப அசைவே அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிப் போடுவதால் இப்படி. எனவே துகள்கள் ஒன்றோடொன்று கட்டியாக ஒட்டாமல் மறுபடி நீரில் பரவும். வேலை வாங்கிவிட்டுத் திரும்பப் பிடிப்பதற்கு இதைவிட வசதி கிடையாது.

அயனித் திரவத்துக்கே காந்த குணம் ஏற்றியவர்களும் உண்டு. 2004-இல் டோக்கியோவில் ஹயாஷி, ஹமாகுச்சி இருவரும் இரும்புக் குளோரைடு சேர்ந்த ஓர் அயனித் திரவம், காந்தத்தை நோக்கி இழுபடுவதைக் காட்டினார்கள். அது தனிக் கதை.

இனி, மூன்றும் ஒன்றையொன்று கெடுக்கும் என்றேனே, அந்தச் சண்டைக்கு வருகிறேன். நான் முதன்முதலில் ஒளிரும் துகளையும் மேக்னடைட்டையும் ஒரே கிராஃபீன் தாளில் ஏற்றியபோது, காந்தம் நன்றாக வேலை செய்தது. கூடத்தை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் போட்டோம். இருட்டுதான். விளக்கு கெட்டுவிட்டதோ என்று மாற்றிப் பார்த்தோம். பல்பு மாற்றி, பிளக் மாற்றி, ஒரு மாலை முழுவதும் போனது. விளக்கு நன்றாகத்தான் இருந்தது. மேக்னடைட் கறுப்பு, வருகிற ஒளியையும் போகிற ஒளியையும் தின்றுவிடுகிறது. கிராஃபீன் அதைவிட மோசம். ஒளிரும் துகள் விழுங்கிய ஆற்றலை, அது ஒளியாக வெளிவரும் முன்பே கிராஃபீன் பறித்துக்கொள்ளும். எவ்வளவு தூரத்திலிருந்து பறிக்கும்? இந்தக் கேள்விக்கு நல்ல விடை நம் நாட்டிலிருந்தே வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆர்.எஸ். ஸ்வாதியும் கே.எல். செபாஸ்டியனும் 2008, 2009-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தப் பறிப்பு, தூரத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் குறைகிறது. இரண்டு சாதாரண மூலக்கூறுகளுக்கு இடையில் என்றால் ஆறாம் படி. பத்து நானோமீட்டருக்குள் அடங்கிவிடும். கிராஃபீனின் கை நீளம், முப்பது நானோமீட்டர் வரை எட்டும்.

ஆக, பிரச்சினை பசையைப் பற்றியதில்லை. எதையும் எதோடும் ஒட்டிவிடலாம். எத்தனை நானோமீட்டர் தள்ளி ஒட்டுவது என்பதில்தான் இந்தத் தொழில் இருக்கிறது.

இந்த இடத்தில் உங்கள் ஊர் எனக்குப் பாடம் சொல்கிறது. 1973-இல் இங்கேயுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சுவாமியும் உடனிருந்தவர்களும், இந்தியாவில் முதன்முறையாக நல்ல வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். வேப்பலோடையில் அந்தப் பணி நடந்தது. சிப்பியின் உடலுக்குள் ஒரு கருமணி, அதோடு இன்னொரு சிப்பியின் மேலுறைத் திசுவில் ஒரு சிறு துண்டு. இரண்டையும் சேர்த்து வைத்தால் கருமணியைச் சுற்றி முத்துப் படலம் வளர்கிறது. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. நாங்கள் செய்வதும் இதுதான், ஆனால் லட்சம் மடங்கு சிறிய அளவில். மேக்னடைட் துகள்தான் கருமணி. அதைச் சுற்றி சிலிக்கா, அதாவது மணலின் சரக்கு, ஓடாகப் படிகிறது. சாராயத்திலும் அம்மோனியாவிலும் சிலிக்காவை ஒழுங்காகப் படியவைக்கும் முறையை 1968-இல் ஸ்டோபர் என்பவர் தம் கூட்டாளிகளோடு வெளியிட்டார். எவ்வளவு நேரம் விடுகிறோமோ, எவ்வளவு மூலப்பொருள் கொடுக்கிறோமோ, அவ்வளவு தடித்த ஓடு. அந்த ஓட்டின் வெளிப்புறத்தில் யூரோப்பியம் கூட்டுப்பொருளை வைத்தால் கறுப்புக் கருவிலிருந்து அது தப்பிக்கிறது; அதன் மேல் இன்னொரு சிலிக்கா ஓடு பூசினால் கிராஃபீனிலிருந்தும் தள்ளி நிற்கும். பழைய முத்து வியாபாரிகள் பித்தளைச் சல்லடைகளை வரிசையாக வைத்துக்கொண்டு முத்தைத் தரம் பிரித்தார்கள். எங்களுக்குச் சல்லடை எலெக்ட்ரான் நுண்ணோக்கி. கண் வலிப்பது மட்டும் இரண்டு தொழிலுக்கும் பொது.

இப்போது மூன்றையும் கட்ட வேண்டும். ஒரு வழி சொல்கிறேன். கிராஃபைட்டைக் கந்தக அமிலத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் ஆக்சிஜனேற்றம் செய்கிறோம். 1958-இல் ஹம்மர்ஸ் சொன்ன முறை. பனிக்கட்டித் தொட்டியில் வைத்துச் சிறிது சிறிதாகப் போட வேண்டும்; அவசரப்பட்டவர்களின் கூரையில் கறை இருக்கும். கிடைப்பது ஆக்சிஜன் கொக்கிகள் நிறைந்த கிராஃபீன் ஆக்சைடு. ஒரு முனையில் அமீன் தொகுதி உள்ள இமிடசோலியம் அயனித் திரவத்தைச் சேர்த்தால், அமீன் முனை அந்தக் கொக்கியில் மாட்டுகிறது. நேர்மின் முனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. சீன ஆய்வாளர்கள் 2009-இல் இதைச் செய்து காட்டினார்கள். சிலிக்கா ஓட்டின் பரப்பு தண்ணீரில் எதிர்மின் கொண்டது. இரண்டு கரைசலையும் கலந்தால் ஓடுபூண்ட துகள்கள் தாமே போய்த் தாளில் உட்காருகின்றன. கிராஃபீனுக்கும் ஒளிர்வுக்கும் நடுவே அயனித் திரவத்தின் சங்கிலியும் வெளிச் சிலிக்கா ஓடும் இடைவெளியைக் காக்கின்றன. ஓடு போதாமல் மெலிந்திருந்தால் வெளிச்சம் மங்கும். மிகவும் தடித்துவிட்டால் காந்த இழுப்பு சோரும். சரியான அளவைப் புத்தகம் சொல்லாது. பத்து முறை செய்து பார்ப்பவருக்குத் தெரியும்.

இதெல்லாம் எதற்கு என்று பின்வரிசையில் ஒருவர் கேட்கும் முகத்தோடு இருக்கிறார். நியாயமான கேள்வி. தண்ணீரில் உள்ள சாயத்தையோ கன உலோகத்தையோ அந்த 65 சென்ட் பரப்பு பிடித்துக்கொள்ளும். காந்தம் அதை வெளியே எடுக்கும். ஒளிர்வு கூடுவதோ குறைவதோ எவ்வளவு பிடித்தது என்று காட்டும். நோயறியும் படங்கள், கள்ளநோட்டைக் கண்டுபிடிக்கும் மை என்றும் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலை நான் பாதிதான் நம்புகிறேன். கிராஃபீன் பற்றிய கட்டுரைகள் மலை போல வந்துவிட்டன. கடைத்தெருவுக்கு வந்த சரக்கு கைப்பிடி. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். 2012-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸில் டி. பிரதீப் குழுவினர் ஆற்று மணலில் சர்க்கரைப் பாகை ஏற்றி, காற்றில்லாமல் 750 டிகிரியில் சுட்டு, மணல்மேலேயே கிராஃபீன் போன்ற கரிப்படலம் படியவைத்தார்கள். அது சாயத்தையும் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தையும் நீரிலிருந்து பிடித்தது. சர்க்கரை, மணல், சூடு. மலிவுக்கு மலிவு. ஒளிர்வும் காந்தமும் கூடிய நம் பண்டம் அந்த மணலைவிட எந்த விதத்தில் உயர்ந்தது என்று காட்டும் பொறுப்பு நம்முடையது.

இந்தக் கரைக்கு வந்தால் அதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று காத்திருக்கிறது. எங்கள் கட்டுரைகளில் படம் போடுவோம்: ஒரு குப்பியில் கறுப்புக் கரைசல், ஆறு மாதமாகப் படியாமல் நிற்கிறது என்று. அது வாலைநீர், உப்பே இல்லாத வடிநீர். தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைத் தொடும் இடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆறு வழி நெடுக மிதந்து வந்த நுண்ணிய வண்டல், உப்புத் தண்ணீர் பட்டதும் திரண்டு அடியில் இறங்குகிறது. வண்டல் துகள்களைப் பிரித்து வைத்திருந்தது அவற்றின் மின்சுமை. கடல்நீரின் அயனிகள் அந்தச் சுமையை மூடி மறைத்துவிடுகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் 35 கிராம் அளவுக்கு உப்பு. அதில் ஒரு துகளின் மின்சுமை அரை நானோமீட்டருக்குள்ளேயே பெரும்பகுதி மறைந்துவிடும். நாங்கள் அயனித் திரவம் வைத்து அரும்பாடுபட்டு ஏற்றிய நேர்மின்னின் கதியும் அதுதான். வாலைநீரில் ஆறு மாதம் நின்றது, துறைமுகத் தண்ணீரில் தேநீர் ஆறுவதற்குள் படிந்துவிடலாம். உப்பால் கட்டியதை உப்பே கலைக்கிறது. நீண்ட பாலிமர் சங்கிலிகளைப் பரப்பில் நட்டால், மின்சுமையை நம்பாமல் துகள்கள் விலகி நிற்கும். அந்த வழியில் வேலை நடக்கிறது. படிந்தால் படியட்டும், காந்தத்தால் வாரிக்கொள்ளலாம் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாம் கட்சி, ஒரு நிபந்தனையோடு: மூடிய தொட்டிக்குள் மட்டும். கப்பலின் அடித்தட்டில் சேரும் எண்ணெய்த் தண்ணீரையோ ஆலைக் கழிவையோ தொட்டிக்குள் வைத்துச் சுத்தம் செய்யலாம். திறந்த கடலில் இந்தத் துகளைத் தூவக் கூடாது. எதிரே இருப்பது 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா. முத்துச் சிப்பி தண்ணீரை வடிகட்டித்தான் பிழைக்கிறது. நாம் போடுவதையும் சேர்த்து வடிகட்டும்.

அயனித் திரவத்தைப் பசுமைக் கரைப்பான் என்று புகழ்வது வழக்கம். ஆவியாகாது என்பதால் காற்றுக்கு நல்லதுதான். ஆனால் நீண்ட வால் கொண்ட இமிடசோலியம் உப்புகள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட் வகை, ஈரத்தில் சிதைந்து, கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடைக் கொடுக்கும் என்று 2003-இலேயே எச்சரித்தார்கள். மாற்று இருக்கிறது. கோழித் தீவனத்தில் சேர்க்கும் கோலின் குளோரைடை ஒரு பங்கும் யூரியாவை இரண்டு பங்கும் கலந்தால், தனித்தனியே திடமாக இருக்கும் இரண்டும் சேர்ந்து 12 டிகிரியிலேயே திரவமாகிவிடுகின்றன. இது கண்டிப்பான கணக்கில் அயனித் திரவம் இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பி. யூரியாவுக்கு நீங்கள் உர ஆலை இருக்கும் ஸ்பிக் நகரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. கிராஃபைட் சிவகங்கையில். மின்வேதியியல் கேட்டுத் தெரிந்துகொள்ளக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சிக்ரி, இருக்கிறது. கடல்நீர் அரிப்பை ஆராயும் அதன் மையம் உங்கள் துறைமுகத்துப் பக்கமே இருக்கிறது.

இங்கே இருக்கும் மாணவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளை நீங்கள் இந்தப் பண்டத்தைச் செய்வீர்கள். கறுப்புக் கரைசல் அழகாக நிற்கும், விளக்கடியில் சிவப்பாக ஒளிரும், படம் எடுக்கத் தோன்றும். எடுக்கும் முன்பு ஒரு ஐந்து லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு புதுத் துறைமுகம் பக்கம் போய்க் கடல்தண்ணீர் மொண்டு வாருங்கள். முதல் சோதனையை அதில் செய்யுங்கள்.